முழங்கையால் ஓர் இடி!



குத்துச்சண்டையில் முழங்கையால் இடித்தால் ஃபவுல். ஆனால் தாய்லாந்து நாட்டின் முவாய் தாய் சண்டையில் அது பெரிய ஆயுதம். கை, முழங்கை, முட்டி, கால் எல்லாம் இரண்டிரண்டு, ஆக 8 உறுப்புகளின் கலை என்பார்கள். முழங்கை அடிக்கு அங்கே ‘சோக்’ என்று பெயர். (பெயர்தான் சோக், பட்டால் சோகம்!) நம்ம ஊர் குத்துவரிசையிலும் முழங்கை அடி உண்டு.

கையை நல்லா மடக்கணும். முதலில் பின்னங்கால் பாதம் திரும்பணும், அப்புறம் இடுப்பு, கடைசியில்தான் தோள். வெறும் கையை வீசினால் கொசு ஓட்டுகிற மாதிரிதான் இருக்கும். இன்னொரு கை கன்னத்துப் பக்கம் காவலுக்கு இருக்கணும்.

ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் இது வரும். காரணம் நம்ம அறிவியல் பாடத்திலேயே இருக்கு: அழுத்தம் = விசை / பரப்பு. 300 நியூட்டன் விசை என்று வைத்துக்கொள்வோம். 100 சதுர செ.மீ. உள்ளங்கையில் அது 30,000 பாஸ்கல். 5 சதுர செ.மீ. முழங்கை முனையில் 6,00,000 பாஸ்கல். 20 மடங்கு!

ஓரடி தள்ளி நின்றால் எட்டாது, ஒட்டி நிற்கிறவனுக்குத்தான் இது. காலை நேரத்துப் பஸ்ஸில் அப்படி யார் நிற்பார்கள் என்று பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கே பின்பக்கமா விலாவில் ஒரு இடி போதும். உடனே சத்தம் போட்டு கண்டக்டரைக் கூப்பிடணும். 1098-க்கும் போன் பண்ணலாம்.

முகத்தில் பட்டால் புருவம் கிழிந்துவிடும். அதனால் அமெச்சூர் போட்டிகளில் முழங்கைக்கு உறை மாட்டுகிறார்கள். பசங்களே, இன்டர்வெல்லில் ஒருத்தர்மேல் ஒருத்தர் செய்து பார்க்காதீங்க. வீட்டில் தலையணையில் பழகுங்க. தறிக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம், பாவு அறுந்தா நமக்குத்தான் அடி!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி