முழு லோடா, பகுதி லோடா?

வணிகம் நடத்தும் குடும்பங்களில் கொள்முதல் விலையைக் கூர்ந்து நோக்குவர். விற்பனை விலையையும் அவ்வாறே நோக்குவர். இரண்டிற்கும் இடையே நிற்கும் லாரி வாடகையை மட்டும் கேட்டபடி கொடுத்துவிடுவர். இலாபம் ஓசையின்றிக் கரையும் இடம் அதுவே. ஆகவே, சரக்கு அனுப்பும் கணக்கை இங்கு ஒரு பாடமாகக் காண்போம்.

லாரி முழுவதையும் நாமே வாடகைக்கு அமர்த்துவது முழு லோடு. பலருடைய சரக்கோடு நம் சரக்கையும் லாரி ஆபீசில் சேர்த்து, எடைக்கேற்பக் கூலி கொடுத்து அனுப்புவது பகுதி லோடு. பார்சல் சர்வீஸ் என்று வழங்குவதும் இதுவே.

சமநிலை எடை

ஆரணியிலிருந்து சென்னைக்கு ஒருவர் 25 கிலோ மூட்டைகளாக அரிசி அனுப்புகிறார். கணக்கிற்காகச் சில தொகைகளைக் கொள்வோம். 10 டன் ஏற்றும் லாரியின் வாடகை ரூ. 15,000. பகுதி லோடில் கிலோவுக்குக் கூலி ரூ. 2, லாரி ஆபீஸ்வரை கொண்டு செல்லவும், சென்னையில் அங்கிருந்து கடைக்கு எடுத்துச் செல்லவும் கிலோவுக்கு 50 காசு. ஆக, ரூ. 2.50.

வாடகையை இத்தொகையால் வகுக்க 6,000 கிலோ வரும். இதுவே சமநிலை எடை. இதற்கு மேற்படின் முழு லோடு இலாபம். குறையின் பகுதி லோடு இலாபம். லாரி நிறைந்தால்தான் முழு லோடு என்று எண்ணுவது பிழை. 7 டன் சரக்கு உள்ளவர், 3 டன் இடம் காலியாகச் சென்றாலும் ரூ. 2,500 மிச்சப்படுத்துகிறார்.

கைமாறும் தொல்லை

முழு லோடில் மூட்டையை ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்குகின்றனர். பகுதி லோடிலோ கடை, இவ்வூர்க் கிடங்கு, அவ்வூர்க் கிடங்கு, வாங்குபவர் கடை என மும்முறை ஏற்றி மும்முறை இறக்க நேர்கிறது. கொக்கி பட்டுக் கிழிதலும் சிந்துதலும் அதற்கேற்ப மிகும். லாரி நிறையும்வரை சரக்கு கிடங்கில் காத்திருப்பதும் உண்டு. நாள் குறித்த சரக்காயின் இதனையும் எண்ணுக.

இழப்பு நேரின்

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளின்படி, சரக்கு கெட்டாலோ தொலைந்தாலோ சரக்கு ஏற்றிச் செல்வோரின் பொறுப்பு பொதுவாகச் சரக்குக் கூலியின் பத்து மடங்கே. அதிக ஈடு வேண்டுவோர் மதிப்பைக் குறிப்பிட்டு, அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்த ஒப்புதல் வேண்டும்.

4 டன் அரிசியைப் பகுதி லோடில் அனுப்பினால் சரக்குக் கூலி ரூ. 8,000, பொறுப்பின் எல்லை ரூ. 80,000. கிலோ ரூ. 50 எனின் அரிசியின் மதிப்போ ரூ. 2,00,000. எஞ்சிய ரூ. 1,20,000 யாருடையது? நம்முடையதே. கூலி குறையக் குறையக் காப்பும் குறைகிறது என்பதை நினைவிற் கொள்க. கூடுதல் கட்டணமோ சரக்குக் காப்பீடோ செலவன்று, வேலி.

நம் உறவினர் ஒருவர் 40 மூட்டை அரிசியைப் பகுதி லோடில் அனுப்பினார். அதே லாரியில் பினாயில் டப்பாக்களும் சென்றன. அரிசியில் வாடை ஏறிவிட்டது. மூட்டைகளைப் பாராமலேயே வாங்கியவர் ரசீதில் கையொப்பமிட்டுவிட்டார். பின்னர் முறையிட்டும் பயனில்லை. முழு இழப்பும் நம்மவர் தலையில் விழுந்தது. சரக்கு இறங்கியவுடன் பார்த்து, குறையிருப்பின் ரசீதிலேயே எழுதிய பின்பே கையொப்பமிடுக. வழக்கிடும் முன் எழுத்துவழி அறிவிப்பு தருதல் வேண்டும். அதுவும் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் சேர்தல் வேண்டும்.

பயிற்சி

இல்லத்துப் பிள்ளைகள் இதனைச் செய்து பார்க்கட்டும். முழு லாரி வாடகை ரூ. 18,000, பகுதி லோடில் கிலோவுக்கு மொத்தச் செலவு ரூ. 3. நம்மிடம் 200 மூட்டை, அண்டைக் கடைக்காரரிடம் 100 மூட்டை; மூட்டை ஒன்று 25 கிலோ. தனித்தனியே பகுதி லோடில் அனுப்பினால் நமக்கு ரூ. 15,000, அவருக்கு ரூ. 7,500. இருவரும் ஒரு லாரியை அமர்த்தி, வாடகையை எடைப்படி பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மிச்சம்? நமக்கு ரூ. 3,000, அவருக்கு ரூ. 1,500 என விடை வரின் பாடம் விளங்கிற்று எனக் கொள்வோம்.