பீரங்கிப் படை அதிகாரியின் ஓவிய நூல்

ஒளிப்படக் கருவி தோன்றாத காலத்தில் தென்னாட்டு மக்கள் எவ்வாறு உடுத்தனர், எத்தொழில் செய்தனர் என்பதை அறிய நமக்கு உதவுவனவற்றுள் அந்நாளைய பிரித்தானியப் படையினர் தீட்டிய ஓவியங்களும் அடங்கும். படையினருக்கு ஓவியம் எதற்கு என மாணவர்கள் வினவலாம். கோட்டை மதிலையும் ஆற்றின் வளைவையும் கண்டவாறே தாளிற் பதிப்பது அன்று போர்த்தொழிலின் ஒரு கூறு. பீரங்கிப் படை அதிகாரிகள் பயின்ற வூலிச் கல்லூரியில் போல் சான்ட்பி என்னும் புகழ்பெற்ற இயற்கைக்காட்சி ஓவியரே பல்லாண்டுகள் ஓவியம் கற்பித்தார்.

அப்படையைச் சேர்ந்தவர் கப்டன் சார்ள்ஸ் கோல்ட். திப்பு சுல்தானுடன் மூன்றாம் மைசூர்ப் போர் நடந்த நாளில் தென்னிந்தியாவுக்கு வந்தார். 1791 முதல் 1798 வரை வரைந்தவற்றை 1806இல் இலண்டனில் நூலாக்கினார். ‘கீழைத்தேய ஓவியங்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். செப்புத்தகட்டிற் குங்கிலியத்தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து, மை பூசி அச்சிட்டு, பின்னர் ஒவ்வொரு படியிலும் கையாலேயே வண்ணந் தீட்டினர். ஆதலின் ஒரு நூலின் இரு படிகளில் வானத்தின் நீலங்கூட வேறுபடலாம்!

திப்புவின் காலாட்படை வீரன் ஒருவன் புலிவரிக் கோலமிட்ட சட்டையுடன் இந்நூலில் நிற்கிறான். பகைவனாயினும் அவ்வுடையின் கோலத்தைக் கோல்ட் விடாது வரைந்துள்ளார். ஆயினும் அவர் கண் பெரிதும் நாடியது இரவலரையும் துறவியரையும் பாம்பாட்டிகளையுமே. தம் நாட்டு வாசகருக்குப் புதுமையாகத் தோன்றுவதையே அவர் தேர்ந்தார் போலும். அக்காலத்துத் தமிழகம் முழுவதும் இதுவே என நாம் கொள்ளலாகாது.

எம்மை நெடுநேரம் நிறுத்தியது வேறொரு படம். காலூனமுற்ற இரவலன் ஒருவனும் அவன் குடும்பத்தாரும் அதிற் காணப்படுகின்றனர். அதன் மூலத்தை வரைந்தவர் கோல்ட் அல்லர். தஞ்சாவூர் ஓவியர் ஒருவர். ஓவியத்தொழில் புரிந்தோரை அந்நாளில் முச்சியர் என்றனர். ‘தஞ்சாவூர் முச்சி’ என்பதே நூலில் அவருக்குக் கிடைத்த அறிமுகம். பிரதி செய்த அதிகாரியின் பெயர் நூன்முகப்பில் உள்ளது. வரைந்தவரின் பெயர் நம்மிடம் இல்லை.

பெற்றோரே, இத்தகைய பழம்படம் ஒன்று கிடைப்பின் பிள்ளைகளுடன் சேர்ந்து பாருங்கள். ஆங்கிலக் குறிப்பைப் பிள்ளை படிக்கட்டும். படத்திலுள்ள துணியின் கட்டுக்கும் கலத்துக்கும் தமிழ்ப்பெயரை நீங்கள் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராத இடத்தில் சற்று நின்று, வரைந்தவர் எங்கே நின்று பார்த்தார் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.