தோலுக்குத் தண்ணீர், காரத்துக்கு எண்ணெய்

நைஜீரியாவில் லாகோஸ், இபாடான் பக்கத்து யொருபா மக்கள் மாட்டுத்தோலைப் பொன்மோ என்கிறார்கள். கீரைக் குழம்பான எஃபோ ரிரோவிலும், எகுசி விதையை அரைத்துச் செய்யும் குழம்பிலும் அது துண்டு துண்டாகக் கிடக்கும். விருந்துகளில் சிவப்பு மிளகாய் விழுதில் புரட்டித் தனியாகவே பரிமாறுவார்கள். அதைச் சமைக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது மிளகாயைப் பற்றித்தான்: எந்த மிளகாய், எத்தனை, விதையோடா விதை நீக்கியா என்று. எனக்கு அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம். பொன்மோ சரியில்லாமல் போகும்போது பெரும்பாலும் காரம் சரியாகத்தான் இருக்கிறது, தோல்தான் ரப்பராகவோ பசையாகவோ ஆகிவிடுகிறது. தோலுக்கென்று பெரிய ருசி கிடையாது, அது தருவது பதம். ருசி முழுக்க மிளகாய் விழுதுடையது. ஆகவே இரண்டையும் தனித்தனி வேலையாகச் செய்து கடைசியில்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணத்தைச் சொல்கிறேன். தோலில் இருக்கும் நீரைக் கழித்துவிட்டால் மிச்சத்தில் பெரும்பங்கு கொலாஜன் என்ற நார்ப் புரதம். சூடுபட்டதும் அது முதலில் சுருங்கி விறைக்கும். ஈரத்தோடு நெடுநேரம் வெந்தால்தான் கட்டு தளர்ந்து ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உறைந்து நிற்கிறதே, அதே சங்கதிதான். இந்த மாற்றத்துக்குத் தண்ணீர் கட்டாயம். எண்ணெய் மிதக்கும் கெட்டி விழுதில் தோலைப் போட்டு எவ்வளவு கிளறினாலும் விழுது அடிப்பிடிக்கும், தோல் மசியாது. அது மசிய வேண்டும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் மிளகாய் வதங்காமல் வெந்து, பச்சை வாடையோடு நின்றுவிடும். ஒன்றுக்கு வேண்டியது மற்றதைக் கெடுக்கிறது. ஒரே சட்டியில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பவர்கள் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

தோலிலும் வகை உண்டு. வெந்நீரில் முக்கி மயிரைச் சிரைத்து எடுப்பது வெள்ளைப் பொன்மோ. நெருப்பில் வாட்டி மயிரைப் பொசுக்கிச் சுரண்டுவது கருத்த பொன்மோ. இஜெபு பொன்மோ என்று பெயர் பெற்ற தடித்த வகையும் இருக்கிறது. சந்தையில் ஈரமாக விற்கும் தோல் ஏற்கெனவே ஓரளவு வெந்தது, காய்ந்த தோலை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். எதுவானாலும் கத்தியின் முதுகால் இரண்டு பக்கமும் சுரண்டிக் கழுவுங்கள். மயிர்க்கால்களில் தங்கும் கரிதான் பிற்பாடு கசப்பாக வருகிறது. கழுத்துப் பக்கத்துத் தோல் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெலிசு. இரண்டையும் ஒன்றாக வேகவைத்தால் ஒன்று கரையும்போது மற்றது கடிபடாது. தடிப்பு பார்த்துப் பிரித்து, தடித்ததை முதலில் போடுங்கள். தண்ணீரில் உப்பும் வெங்காயமும் போதும். பதம் பார்க்க நேரக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு துண்டை நுனியில் பிடித்துத் தூக்கினால் தன் கனத்துக்கே வளைய வேண்டும், ஓரம் சற்றுக் கண்ணாடி போல் தெளிந்திருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக மீள வேண்டும். பள்ளம் மீளாமல் விரலில் ஒட்டினால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். பிரஷர் குக்கர் நேரத்தை மிச்சப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டில் வெந்ததற்கும் குழைந்ததற்கும் நடுவே சில நிமிடங்களே. பாதி வேக்காட்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மீதியைத் திறந்த சட்டியில் முடிப்பது பத்திரம்.

விழுதுக்கு வருவோம். நிறத்துக்கும் உடம்புக்கும் டட்டாஷே என்ற பெரிய சிவப்பு மிளகாய், காரத்துக்கு அட்டா ரோடோ, கூட வெங்காயம். அட்டா ரோடோ நம் காந்தாரி மிளகாய்க்குச் சளைத்ததில்லை, மணமும் சேர்த்துக் கொடுக்கும். மையாக அரைக்காமல் கொரகொரப்பாக நிறுத்துங்கள். வழவழப்பான தோலில் மை விழுது வழுக்கி இறங்கிவிடும், திப்பியோடு இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும். அரைத்ததை எண்ணெயில்லாமல் முதலில் கொதிக்கவிட்டு நீரை வற்றவையுங்கள், பிறகு எண்ணெய் விட்டு வதக்குங்கள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது புளிப்பும் பச்சை வாடையும் போயிருக்கும். செம்பனை எண்ணெயும் விடலாம், சாதா எண்ணெயும் விடலாம். ‘இரு’ என்ற புளிக்கவைத்த விதை கிடைத்தால் வெங்காயம் வதங்கும்போதே போடுங்கள். நாற்றம் என்று முகம் சுளிப்பவர்கள் கருவாட்டுக் குழம்பை நினைத்துக்கொள்ளலாம்.

சேர்த்து வேகவைத்தால்தானே மசாலா உள்ளே இறங்கும் என்பார்கள். இறைச்சிக்கே அது பாதி உண்மை, தோலுக்கு அதுவும் இல்லை. உப்பு உள்ளே போகும், அதனால்தான் உப்பை வேகவைக்கும் தண்ணீரிலேயே போடச் சொன்னேன். மிளகாயின் காரம் எண்ணெயில் கரைவது. நீர் நிறைந்த தோலுக்குள் அது ஆழமாகப் போவதில்லை, மேலேயே நிற்கிறது. ஆகவே செய்ய வேண்டியது மேற்பரப்பைக் கூட்டுவது: துண்டைச் சிறிதாக்குங்கள், தடித்த துண்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். சேர்க்குமுன் தண்ணீரை நன்றாக வடித்துவிட வேண்டும். ஈரத் தோல் சூடான எண்ணெயில் பட்டால் கையிலும் முகத்திலும் தெறிக்கும். சேர்த்த பின் தணலில் பத்து நிமிடம் போதும். அதற்குள் தோலிலிருந்து கொஞ்சம் ஜெலட்டின் கசிந்து விழுதை ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவரும். சேர்த்துச் சமைப்பதால் கிடைக்கும் உண்மையான லாபம் இது ஒன்றுதான், அதற்குப் பத்து நிமிடம் தாராளம்.

சத்தே இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பாடா என்ற கேள்வி நைஜீரியாவிலேயே உண்டு. ஜாரியாவில் உள்ள தோல் தொழில்நுட்ப நிறுவனம் 2022-இல் பொன்மோவுக்குத் தடை வேண்டும் என்றது. சத்தில்லை என்பது ஒரு வாதம், தோல் தொழிற்சாலைக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகிறது என்பது இன்னொன்று. முதலாவது மிகைப்பேச்சு. கொலாஜனும் புரதம்தான். ஆனால் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லாததால் முழுமையான புரதம் ஆகாது. பயறோடும் எகுசியோடும் சேர்த்துச் சாப்பிட்டால் குறையில்லை, வளரும் பிள்ளைக்கு இறைச்சிக்குப் பதில் இதை மட்டும் போட்டால் குறைதான். இரண்டாவது வாதத்துக்கு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் தலையாட்டக்கூடும். என்றாலும் தோலை எதற்கு விற்பது என்பது மாட்டுக்காரர் விலை பார்த்து முடிவு செய்யும் விஷயம், சாப்பிடுகிறவரைத் திட்டி ஆகப்போவதில்லை. நான் தயங்காமல் ஏற்பது பாதுகாப்பு பற்றிய ஆட்சேபத்தை. பழைய டயரைக் கொளுத்தி மயிர் பொசுக்கும் இடங்கள் உண்டு, அந்தப் புகையின் நச்சு கழுவினால் போகாது. தொழிற்சாலைக்கென ரசாயனத்தில் பதப்படுத்திய தோலும் சந்தைக்கு வந்துவிடுகிறது. 2023-இல் கானாவின் வடக்கே ஆந்த்ராக்ஸ் பரவியபோது பொன்மோவைத் தவிர்க்கும்படி நைஜீரிய அரசு எச்சரித்தது. அந்தக் கிருமியின் வித்துகள் சூட்டைத் தாங்கும் தன்மை உடையவை, சமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட முடியாது. கால்நடை மருத்துவர் பரிசோதனை நடக்கும் அறுப்புக் கூடத்துச் சரக்காக, வெந்நீரில் சிரைத்த வெள்ளைத் தோலாகப் பார்த்து வாங்குவதே என் பரிந்துரை. புகை மணம் குறையும், குறையட்டும். அந்த இடத்தை ‘இரு’ நிரப்பிக்கொள்ளும்.

மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் விழுதும் தோலும் சேர்ந்து ஒரே கட்டியாக உறைந்திருக்கும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், எண்ணெய் ஊற்றி வறுக்கவும் வேண்டாம். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, சிறு தீயில் வையுங்கள். கட்டி முழுக்க இளகித் துண்டுகள் தனித்தனியாகப் பிரிந்த பிறகு கிளறினால் போதும்.