உப்புக்காற்றும் வயர்லெஸ் மவுசும்: புதிது வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தம்பிலுவில் பக்கம் கடலோரத்து வீடுகளில் ஜன்னல் கம்பியும் கதவுப் பிணைச்சலும் எவ்வளவு சீக்கிரம் கறள் பிடிக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதே காற்றுத்தான் மவுசின் பற்றரி அறைக்குள்ளும் போகிறது. பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனைகள் டிரைவரில் தொடங்கும். நமது கரையில் பற்றரி மூடியைக் கழற்றித் தொடங்குவதே சரி.

அதற்குமுன் ஒரு சின்னச் சோதனை. மவுசின் அடியிலுள்ள சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, றிசீவரைக் கழற்றி வேறொரு கணினியில் செருகுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் மவுசில் பிழையில்லை. அங்கும் அதே கரைச்சல் என்றால் பற்றரிக்கு வாருங்கள்.

பற்றரியை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கையும் எதிரே உள்ள தகட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாகப் படிந்திருந்தால் உப்பு ஈரம் செம்பு கலந்த உலோகத்தை அரித்திருக்கிறது. வெள்ளைத் தூள் இருந்தால் பெரும்பாலும் பற்றரி கசிந்திருக்கிறது. அல்கலைன் பற்றரியிலிருந்து கசிவது காரம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்டுத் தடவினால் நுரைத்துக் கரையும். மலிவான காபன் பற்றரியின் கசிவு அமிலத்தன்மையானது. அதற்கு வினாகிரி சரிவராது, அப்பச்சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டுத் துடையுங்கள். எதைப் பூசினாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே புதுப் பற்றரியைப் போட வேண்டும். புளிப்பு மிஞ்சினால் அதுவே அடுத்த கறளைக் கொண்டுவரும். இலேசான மங்கலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பென்சில் அழிறப்பரால் தேய்த்தாலே போதும். றீசார்ஜ் பற்றரி போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது 1.2 வோல்ட்தான், சாதாரணப் பற்றரி 1.5. சில மவுஸ்கள் அந்த வித்தியாசத்தைப் பற்றரி இறங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

மவுஸ் ஓடுகிறது, ஆனால் அம்புக்குறி திக்கித் திக்கிப் போகிறது என்றால் பக்கத்துத் துளையைச் சந்தேகியுங்கள். மவுஸ், புளூடூத், பழைய வைஃபை எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே நெருக்கியடிக்கின்றன. யூஎஸ்பி 3 துளையில் தரவு பாயும்போது எழும் இரைச்சலும் அங்கேயே வந்து விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் அளந்து வெளியிட்டது. கல்யாண வீட்டுப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி பண்ணும்போது மட்டும் மவுஸ் தடுமாறினால் காரணம் இதுதான். ஒரு சிறிய யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் றிசீவரைச் செருகி, மவுசுக்குப் பக்கத்தில் மேசைமேல் வையுங்கள். றவுட்டரையும் சற்றுத் தள்ளி வையுங்கள். டெஸ்க்டொப்பில் பின்பக்கத் துளையைவிட முன்பக்கத் துளை நல்லது. இடையில் இரும்புப் பெட்டி மறைக்காது.

கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் டைல்ஸிலும் பல மவுஸ்கள் வழி தவறும். கீழே ஒரு கொப்பித் தாளை விரித்துப் பாருங்கள்.

சற்று நேரம் சும்மா விட்டபின் மட்டும் செத்துப்போகிறதென்றால் விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம்மை அழுத்தினால் டிவைஸ் மனேஜர் திறக்கும். அம்பு விசைகளால் இறங்கி, யூஎஸ்பி ரூட் ஹப்பில் என்டர் தட்டுங்கள். பவர் மனேஜ்மென்ட் பக்கத்திலுள்ள முதல் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஹப் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றிலும் செய்ய வேண்டும்.

பாடசாலைக் கணினி அறையிலும் ரியூஷன் வகுப்பிலும் வருவது வேறு கூத்து. ஒரே மாதிரி மவுஸ்கள் வரிசையாக இருக்கும், றிசீவர்கள் மாறிவிடும், ஒருவர் அசைக்க இன்னொருவரின் திரையில் அம்பு ஓடும். மவுசிலும் றிசீவரிலும் ஒரே இலக்கத்தை ஒட்டிவிடுங்கள். மலிவான மவுசின் றிசீவர் தொலைந்தால் பெரும்பாலும் மவுசும் போனமாதிரித்தான். செம்மஞ்சள் நட்சத்திரம் போட்ட லொஜிடெக் யூனிஃபையிங் றிசீவர் விதிவிலக்கு. அதே அடையாளமுள்ள 6 கருவிகள்வரை அதில் இணைக்கலாம்.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாக எடுத்தால், உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் தேய்ந்துவிட்டது. அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ சோல்டர் பிடிக்கத் தெரிந்தவரிடம் மாற்றலாம்; ஆனால் விலை கூடிய மவுசுக்கு மட்டுமே அது கட்டுபடியாகும். மற்றதற்கு வயர் மவுசே வாங்குங்கள். பாடசாலை விடுமுறைக்குப் பூட்டிவைக்கும் வயர்லெஸ் மவுஸ்களில், அதிலும் மாரி காலத்தில், பற்றரியை மறக்காமல் கழற்றிவிடுங்கள்.