லிட்டில் இந்தியாவில் இந்தியருக்கு இடமில்லையா?

கேள்வி: என் மகளும் மருமகனும் சிங்கப்பூரில் நிரந்தரவாசிகள். இத்தனை நாள் வாடகை வீட்டில் இருந்தவர்கள், இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு ஒன்று வாங்கப் பார்க்கிறார்கள். லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கமே பாருங்கள் என்று சொன்னது நான்தான். தைப்பூசத்துக்குப் போயிருந்தபோது அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, கறிவேப்பிலை முதல் வெற்றிலை வரை எல்லாம் கிடைக்கிறது, காதில் விழுவதெல்லாம் தமிழ். ஒரு வீடு பிடித்து, விலையும் ஒத்துவந்தது. கடைசியில் ஏஜென்ட், "இந்த புளோக்கில் இந்தியர் கோட்டா நிரம்பிவிட்டது, நீங்கள் வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டாராம். லிட்டில் இந்தியா என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தியருக்கு இடமில்லை என்பது என்ன நியாயம்? அங்கே குடியிருப்பவர்கள்தான் யார்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஏஜென்ட் சொன்னதில் தவறில்லை அம்மா. நீங்கள் தெருவில் பார்த்த கூட்டம் வேறு, மாடியில் குடியிருப்பவர்கள் வேறு.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்வாசிகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு 1989 மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. 1964 இனக் கலவரங்களைக் கண்ட ஊர் அது. எண்பதுகளில் மலாய்க்காரர் பிடோக், தெம்பனிஸ் பக்கமும், சீனர் ஹவ்காங், அங் மோ கியோ பக்கமும், இந்தியர் ஈசூன் பக்கமும் சேரத் தொடங்கினார்கள். இப்படியே விட்டால் பேட்டைக்கு ஓர் இனம் என்றாகிவிடும் என்று அரசாங்கம் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பைக் கொண்டுவந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் நம்மவரான எஸ். தனபாலன்.

வரம்பு இரண்டு மட்டத்தில் இருக்கிறது. ஒரு பேட்டையில் உள்ள வீடுகளில் சீனர் 84 சதவீதம், மலாய்க்காரர் 22 சதவீதம், இந்தியரும் மற்ற இனத்தவரும் சேர்ந்து 12 சதவீதம் வரை இருக்கலாம். ஒரே புளோக்கை எடுத்தால் முறையே 87, 25, 15. கடைசிப் பிரிவுக்கு முதலில் 10, 13 என்றுதான் இருந்தது. 2010 மார்ச்சில்தான் உயர்த்தினார்கள்.

இந்த எண்களை மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உங்கள் மகளுக்கு வந்த சிக்கல் புரியும். 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த தொகையில் சீனர் 74.3 சதவீதம், மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0, மற்றவர் 3.2. அதாவது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் பேட்டை வரம்பு அவர்கள் பங்கைவிட எட்டு, பத்து புள்ளி அதிகம். இந்தியரையும் மற்றவரையும் கூட்டினால் 12.2 வருகிறது. பேட்டை வரம்போ 12. ஆள் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றல்ல என்றாலும், நம் பிரிவுக்குக் கையிருப்பு குறைவு என்பது தெரிகிறது. நம்மவர்கள் விரும்பிப் போகிற இடங்களில் அது சீக்கிரம் தீர்ந்துவிடுவதில் வியப்பில்லை.

குடியிருப்பவர்கள் யார் என்று கேட்டீர்கள். லிட்டில் இந்தியா அடங்கிய ரோச்சோர் வட்டாரத்தில் குடியிருப்போரில் பெரும்பான்மை சீனர்கள்தான். இது நேற்று வந்த மாற்றமும் இல்லை. கெர்பாவ் சாலையில் வண்ணவண்ணமாக ஒரு பழைய பங்களா பார்த்திருப்பீர்கள், எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். 1900இல் எழுந்த அந்த வீடு டான் டெங் நியா என்ற சீன வணிகருடையது. ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்தால் 1917இல் எழுந்த லியோங் சான் சீ சீனக் கோயிலும், எதிரே பெரிய புத்தர் சிலை உள்ள சாக்கிய முனி விகாரையும், ஒரு ஃபூச்சோ மெதடிஸ்ட் தேவாலயமும் வரும். டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நடந்த மாட்டு வணிகத்தை நம்பித் தமிழரும் வட இந்தியரும் வந்து சேர்ந்தார்கள். அந்த வணிகத்தில் பெரும்புள்ளியாக இருந்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூதர். அவர் பெயரில் இன்றும் அங்கே ஒரு சாலை இருக்கிறது. தமிழர் அதற்கு முன்பே வேறு இடங்களில் வேரூன்றிவிட்டார்கள். 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில்தான் சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். அது இருப்பது இன்றைய சைனாடவுனில். செட்டியார்கள் தொழில் நடத்தியது மார்க்கெட் ஸ்ட்ரீட்டில். பின்னாளில் கடற்படைத் தளத்தை ஒட்டி செம்பவாங்கில் மலையாளிகளும் தமிழரும் இருந்தார்கள்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் உரசுகிறதே, அந்தக் கூட்டம் யார்? பெரும்பங்கு, தீவெங்கும் உள்ள தங்குவிடுதிகளிலிருந்து பேருந்து பிடித்து வரும் வேலை அனுமதிக்காரர்கள். சிவகங்கை, புதுக்கோட்டையிலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள். லெம்பு சாலைப் பக்கம் போனால் வங்கதேசத்தவர் நிறைந்திருப்பார்கள். மேலே சொன்ன சதவீதக் கணக்கில் இவர்கள் ஒருவரும் இல்லை. அந்தக் கணக்கு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. கூட்டத்தில் மீதிப்பேர் ஈசூனிலிருந்தும் செங்காங்கிலிருந்தும் சந்தைக்கும் கோயிலுக்கும் வந்துபோகும் குடும்பங்கள். நீங்கள் கேட்ட தமிழில் பெரும்பகுதி பொழுது சாய்ந்ததும் ரயிலேறிவிடும்.

கணக்கெடுப்பு சொல்லும் "இந்தியர்" எல்லோரும் தமிழர் என்றும் நினைத்துவிடாதீர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை வழிவந்தவர்களும் அந்தத் தலைப்பில்தான் வருகிறார்கள். 2000இல் இந்தியரில் தமிழர் 58 சதவீதம், 2010இல் 54. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 2010இல் சுமார் 37 சதவீதம். 2020இல் அது 28 ஆனது. ஆங்கிலம் என்றவர்கள் 59. ஆகவே பக்கத்து வீட்டில் ஓர் இந்தியக் குடும்பம் இருந்தாலும் வாசலில் நின்று தமிழில் பேச ஆள் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

இனி நியாயம். ஓர் இனம் ஒதுங்கி வாழாமல் தடுத்ததில் இந்தக் கொள்கைக்குப் பங்கு உண்டு என்பதே என் கருத்து. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குவது தானாக நடந்ததல்ல. ஆனால் அதற்கான விலையைச் சிறுபான்மையினரே அதிகம் கொடுக்கிறார்கள். வாங்கப் போகும்போது உங்கள் மகளுக்கு வந்தது ஒரு வகை. விற்கும்போது வருவது இன்னொன்று. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோரில் பெரும்பாலோர் சீனர் என்பதால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விலையை இறக்க வேண்டும். 2021இல் நாடாளுமன்றத்தில் இது விவாதத்துக்கு வந்தது. அரசாங்கமும் இந்தச் சிரமத்தை ஒப்புக்கொண்டது. அப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டை, நிபந்தனைகளோடு, கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 மார்ச்சில் வந்தது.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வரம்பு நிரம்பிய புளோக்கிலும், விற்பவரும் "இந்தியரும் மற்ற இனத்தவரும்" என்ற அதே பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால் அவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரு வீடு போய் இன்னொரு வீடு வருவதால் விகிதம் மாறாது. ஆகவே வீட்டைப் பார்க்கும் முன்பே விற்பவர் எந்த இனம் என்று ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கோட்டா நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாறும். கழகத்தின் இணையச் சேவையில் புளோக் எண்ணைக் கொடுத்தாலே தெரிந்துவிடும்.

இருவரும் நிரந்தரவாசிகள் என்பதால் இன்னும் இரண்டு சோதனை உண்டு. நிரந்தரவாசம் கிடைத்து இருவருக்கும் 3 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்குப் பேட்டையில் 5, புளோக்கில் 8 சதவீதம் என்று தனி வரம்பும் இருக்கிறது. தனியார் கூட்டுரிமை வீடுகளுக்கு இந்த வரம்பு எதுவும் கிடையாது. விலைதான் தலைசுற்ற வைக்கும்.

தேக்காதான் வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள் அம்மா. வடகிழக்கு ரயில் தடத்தில் பூன் கெங், பொத்தோங் பாசிர், ஹவ்காங், செங்காங் எங்கே வீடு அமைந்தாலும் வண்டி மாறாமல் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கலாம். பொத்தோங் பாசிரில் சிவதுர்க்கா கோயில் இருக்கிறது, செங்காங்கில் வேல்முருகன் கோயில் இருக்கிறது. அங்கெல்லாம் கோட்டாவில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு வீட்டுக்கு விலை பேசச் சொல்லுங்கள்.