சின்ன எஞ்சினைச் சுழலவிடுங்கள்

யமஹா ஆர்15 பைக் வாங்கப்போவதாக யாராவது சொன்னால், எந்த வெர்ஷன் என்றுதான் முதலில் கேட்பேன். பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொன்றையும் ஓட்டும் விதம் வேறு.

2008-ல் யமஹா இதை இந்தியாவில் இறக்கியபோது, 150 சிசி வண்டியில் ரேடியேட்டரைப் பார்ப்பதே அதிசயம். 149.8 சிசி, நான்கு வால்வு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர், 17 பி.எஸ். திறன். எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது அதன் டெல்டாபாக்ஸ் ஃப்ரேம்தான். வளைவில் சாய்த்தால் சாய்த்த கோட்டிலேயே நிற்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஆர்15-க்கென்றே தனிப் பந்தயங்கள் நடந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த 17 பி.எஸ். முழுதாகக் கிடைப்பது 8,500 ஆர்.பி.எம்-மில். நாலாயிரத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டு "பிக்கப்பே இல்லை" என்று குறைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸை முந்த வேண்டுமா? வலப்பக்கம் ஒதுங்குவதற்கு முன்பே இரண்டு கியர் குறைத்துவிடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதைத்தான் பழகினேன்: நேர்ப்பாதையிலேயே பிரேக்கையும் கியரையும் முடித்துக்கொண்டு, வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடிக்க வேண்டும். வேகத்தை ஒருமுறை தொலைத்தால் சின்ன எஞ்சின் அதைத் திரும்பச் சேர்க்க நேரமெடுக்கும். பெரிய வண்டிக்காரர்கள் வலது கையாலேயே சரிசெய்துகொள்ளும் தவறை நாம் கண்ணாலும் திட்டத்தாலும்தான் தவிர்க்க முடியும். அதனாலேயே ஓட்டக் கற்பவருக்கு இதைவிட நல்ல வண்டி வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

2011-ல் வந்த இரண்டாவது வெர்ஷனில் அலுமினிய ஸ்விங்ஆர்ம் வந்தது, வீல்பேஸ் நீண்டது, பின் டயர் 100-லிருந்து 130 ஆனது. நெடுஞ்சாலையில் நிலைத்து நின்றது. முதல் வண்டியின் துள்ளல் சற்றுக் குறைந்தது. இதைப் பார்த்துவிட்டுப் பழைய வண்டியின் குறுகலான ரிம்மில் அகல டயரைத் திணிக்காதீர்கள். டயரின் வளைவு பிதுங்கி, வண்டி திரும்ப மறுக்கும்.

பெரிய தாவல் 2018-ல் வந்த மூன்றாவது வெர்ஷன். 155 சிசி, 19.3 பி.எஸ்., அதோடு விவிஏ எனும் வால்வு நுட்பம். 7,400 ஆர்.பி.எம்-மைத் தாண்டியதும் இன்டேக் வால்வுகளைத் திறக்கும் வேலையை உயரமான வேறொரு கேம் எடுத்துக்கொள்ளும். கீழேயும் இழுவை கிடைக்கும், மேலேயும் மூச்சு வாங்காது. சந்தை நெரிசலில் நகரும்போது இது பெரிய நிம்மதி. ஸ்லிப்பர் கிளட்சும் இதில்தான் வந்தது. முந்தைய இரண்டில், அவசரமாகக் கியர் குறைத்துக் கிளட்சைப் படாரென்று விட்டால் பின்சக்கரம் குதிக்கும். கிளட்ச் பிடித்திருக்கும் நொடியில் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தட்டிவிட்டு, பிறகு கிளட்சை விடுங்கள். மூன்றாவதில் அந்தக் கவலை வெகுவாகக் குறைவு. ஆனாலும் அந்தக் கைப்பழக்கத்தை நான் விடவில்லை.

2021-ன் நான்காவது வெர்ஷனில் அப்சைட்-டவுன் ஃபோர்க், டிராக்‌ஷன் கன்ட்ரோல், சில மாடல்களில் குவிக்‌ஷிஃப்டர். திறன் 18.4 பி.எஸ். புகை விதிகள் இறுகியதால் வந்த குறைவு. சாலையில் உணர்வது கடினம்.

மணிக்கட்டு வலிக்கிறது என்பார்கள். முழங்கால்களால் டேங்கை இறுக்கி, முழங்கையைத் தளர்த்துங்கள். உடம்பின் பாரம் கைக்குப் போகாது. மூன்றாவது வெர்ஷனின் சீட் உயரம் 815 மி.மீ. என்பதால், குள்ளமானவர்கள் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

பழைய வண்டி வாங்குபவர்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துரு நிறத்தில் இருந்தால் கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அந்த வண்டி வேண்டாம். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் எங்காவது சிக்கினால், ஹேண்டில்பார் சுழலும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. அதற்கான செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.