வீட்டு வேலைக்குக் கூலி: ரொக்கமா, பண்டமா?

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில், கிணற்றுப் பாசனமும் ஓரளவு நிலபுலமும் உடைய குடும்பங்கள் பலவற்றில் வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கமாகும். விடியுமுன் வந்து வாசல் தெளிப்பது, கொட்டிலில் சாணம் அள்ளுவது, பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, களம் கூட்டுவது, அறுப்புக் காலத்தில் ஆட்களுக்குச் சோறு கொண்டுபோவது ஆகிய யாவும் அவளுடைய பொறுப்பே. இவ்வளவுக்கும் கூலி என்ன என்று கேட்டால் ஒரு தொகை பதிலாக வருவதில்லை. "காலையில் சாப்பாடு உண்டு, மீந்த குழம்பு கொண்டுபோவாள், தீபாவளிக்குச் சேலை, களத்தில் ஒரு மரக்கால் நெல், கையிலும் ஏதோ கொஞ்சம் கொடுக்கிறோம்" என்பதே பதில். அந்த 'ஏதோ கொஞ்சம்' எவ்வளவு என்று திட்டமாகச் சொல்லக்கூடியவர் சிலரே.

விவசாய அன்பர்கள் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு வந்து, மானியம், சொட்டுநீர்ப் பாசனம் முதலியவற்றைப் பேசி முடித்த பின் எழுந்திருக்கும்போது கூறும் குறை ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் நிலைத்து நிற்பதில்லை என்பதே அது. அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை அறிய அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. சீலப்பாடி, அடியனூத்து, தோட்டனூத்து முதலிய ஊர்ப்பக்கங்களிலிருந்து காலையில் திண்டுக்கல்லுக்கு வரும் பஸ்ஸைப் பார்த்தாலே போதும். நகரத்தில் மூன்று நான்கு வீடுகளில் வேலை முடித்துவிட்டு மத்தியானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். அங்கே நெல் அளந்து கொடுப்பார் இல்லை. மாதம் பிறந்தால் பணம் கைக்கு வருகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்று ஏற்பட்ட பின், வழிச்செலவும் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. ஆகவே, ரொக்கமா பண்டமா என்ற கேள்வி தர்க்கத்துக்காக எழுப்பப்படுவதன்று. விவசாயியின் வாசற்படிக்கே அது வந்துவிட்டது.

பண்டக் கூலியின் பழைய நியாயம்

பண்டமாகக் கூலி தருவது முழுவதும் அநீதியே என்று கூறிவிடுதல் சரியாகாது. அவ்வழக்கத்துக்கு ஒரு காலத்தில் தக்க காரணம் இருந்தது. தானியம் கிடைப்பதே அரிதாயிருந்த நாட்களில், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைவதைவிட, இரண்டு படி கம்போ சோளமோ வீட்டுக்கு வந்து சேருவது மேலாயிருந்தது. அரிசி விலை ஒரே ஆண்டில் இருமடங்கானால் ரொக்கக் கூலி பாதியாகத் தேய்ந்துபோகும். படியளந்த கூலியோ அப்படியே நிற்கும். விலைவாசி ஏற்றத்தின் சுமை அப்போது எஜமானரைச் சேர்ந்ததேயன்றி வேலை செய்பவரைச் சேர்ந்ததன்று. இதை நம் முன்னோர் ஏட்டில் எழுதி வைக்காவிட்டாலும் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

ஆனால் அந்த நிலைமை இன்று நம் மாநிலத்தில் இல்லை. ரேஷன் அரிசி 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாயாயிற்று. 2011 ஜூன் 1 முதல் விலையில்லாமலே வழங்கப்பட்டது. பஞ்சத்துக்குப் பயந்து படியாகக் கூலி கேட்ட காலம் அத்துடன் கழிந்தது. அரிசிக்குத் தவிக்காத ஒரு குடும்பத்துக்கு மேலும் அரிசியையே கூலியாக அளப்பதில் எஜமானருக்குச் செலவு உண்டு. பெறுபவருக்கு அந்த அளவுக்குப் பயன் இல்லை. அவளுக்கு வேண்டியவை வேறு. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் கட்ட வேண்டிய பணம், சமையல் வாயு உருளை, மருந்துக் கடை, கைப்பேசிக் கட்டணம், மகளிர் குழுவின் மாதத் தவணை ஆகிய இவற்றில் எதையும் ஒரு மரக்கால் நெல்லைக் கொடுத்துத் தீர்க்க முடியாது. நெல்லைக் கடையில் போட்டுப் பணமாக்கினால் மளிகைக்காரர் வைத்ததே விலை.

மற்றொரு குறை இதனினும் பெரியது. பண்டக் கூலிக்குக் கணக்கு இல்லை. சேலை இவ்வளவு பெறும், சாப்பாடு இவ்வளவு பெறும் என்று மதிப்பிடுகிறவர் யார்? கொடுப்பவர்தாமே! அறுநூறு ரூபாய்ச் சேலையைக் கொடுத்தவர் மனத்தில் அது ஆயிரமாக வளர்ந்து நிற்கும். பழைய துணியும் மீந்த சோறும்கூட அந்தக் கணக்கில் ஏறிவிடும். வீட்டில் மிஞ்சியதைக் கொடுப்பது தர்மமாக இருக்கலாம், அது கூலியாகாது. மேலும், அச்சோற்றைப் புழக்கடை வாசலில் வைத்துத் தனித் தட்டில் போடும் வழக்கம் இன்னும் எங்கேனும் இருக்குமானால், அது கூலிப் பிரச்னை மட்டுமன்று. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்ட தீண்டாமையே ஆகும்.

சட்டம் சென்ற வழி

பண்டமாகக் கூலி கொடுத்துத் தொழிலாளியை ஏமாற்றும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் தம் சொந்தக் கடைச் சரக்கையே கூலியாகத் தந்துவந்ததைத் தடுக்க 1831-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். பல தொழில்களில் கூலி நாணயமாகவே தரப்பட வேண்டும் என்று அது விதித்தது. ஆனால், வீட்டு வேலைக்காரர்களுக்கும் பண்ணை ஆட்களுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதி வைத்தார்கள். ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு அடுப்படிக்குள் நுழைய மேலும் 180 ஆண்டுகள் பிடித்தன. 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் மாநாடு 189-ஆவது உடன்படிக்கையை ஏற்றது. வீட்டுப் பணியாளருக்கு மாதம் ஒரு முறையேனும் நேராக அவர் கையில் ரொக்கமாக ஊதியம் தரப்பட வேண்டும்; ஒரு சிறு பகுதியைப் பண்டமாகத் தருவதானால் பணியாளர் இசைய வேண்டும், அது அவருடைய சொந்த உபயோகத்துக்கு உரியதாயிருக்க வேண்டும், அதன் மதிப்பும் நியாயமானதாயிருக்க வேண்டும் என்பன அதன் விதிகள். இந்தியா மாநாட்டில் ஆதரித்து வாக்களித்ததாயினும், உறுதி செய்து கையொப்பமிட்ட நாடுகளில் சேரவில்லை.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் கூலி ரொக்கமாகவே இருக்க வேண்டும் என்றுதான் கூறிற்று. வழக்கத்தையொட்டிப் பண்டமாகத் தருவதற்கு அரசாங்கம் அறிவிக்கை மூலம் அனுமதித்தால் மட்டுமே விலக்கு உண்டு. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம், ஊதியத்தை நாணயமாகவோ, நோட்டாகவோ, காசோலையாகவோ, வங்கி வரவாகவோ, மின்னணு முறையிலோ தர வேண்டும் என்கிறது. அந்த வரிசையில் நெல்லும் இல்லை, சேலையும் இல்லை.

இவ்விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனித் தொடர்பும் உண்டு. பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த அருட்சகோதரி ஜீன் டெவோஸ் 1980-களில் திண்டுக்கல் பகுதியில் வீட்டு வேலைப் பெண்களிடையே ஆற்றத் தொடங்கிய தொண்டே, பிற்காலத்தில் பல மாநிலங்களுக்கும் பரவிய தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கமாக வளர்ந்தது. இம்மாநிலத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி நல வாரியம் 2007-இல் ஏற்பட்டது. 2018-இல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்தபோது, பயிற்சி வேண்டாத வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று வைத்தது.

அந்த 37 ரூபாயைக் கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் நாள்தோறும் 3 மணி நேரம் வேலை செய்கிறாள்; மாதத்தில் 30 நாளும் வருகிறாள். மொத்தம் 90 மணி நேரம். 3,330 ரூபாய் ஆகிறது. இது 2018-ஆம் ஆண்டின் அடிமட்ட அளவு. பின்னர் ஏற்பட்ட உயர்வுகளைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொட்டிலில் சாணம் அள்ளுவதும் களத்தில் நெல் தூற்றுவதும் வீட்டு வேலை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அவை விவசாய வேலை. அந்த நேரத்துக்கு வேறு கூலி விகிதம் உண்டு. விவசாயி வீட்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால்தான் கூலி எவ்வளவு என்ற கேள்விக்கு விடை தெளிவாக வருவதில்லை. ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். பலருக்கு அது வியப்பாகவும் இருக்கும்.

முன்பணம்

ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. ரொக்கத்திலேயே ஓர் ஆபத்தான வகை உண்டு, அதுதான் முன்பணம். மகளுக்குக் கல்யாணம், மாமியாருக்கு வைத்தியம் என்று வீட்டுக்காரரிடம் 20,000 ரூபாய் வாங்குகிறாள் ஒருத்தி. சம்பளம் 2,000 என்றும், மாதம் 500 பிடித்துக்கொள்வது என்றும் பேச்சு. கடன் தீர 40 மாதம், அதாவது மூன்று வருஷமும் நான்கு மாதமும் ஆகும். இடையில் இன்னும் ஓர் ஐயாயிரம் வாங்கினால் மேலும் பத்து மாதம். அதுவரை சம்பள உயர்வு கேட்க அவளுக்கு வாய் எழாது. வேறு வீட்டுக்குப் போகவும் முடியாது. "பணத்தை வைத்துவிட்டுப் போ" என்று ஒரு சொல் சொன்னால் போதும், கால் கட்டப்பட்டதற்குச் சமம்.

இது உதவிதானே என்று கேட்கலாம். அவசரத்துக்குக் கடன் கொடுப்பது உதவியே. யாரும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் கடனுக்கு ஈடாக அற்பக் கூலிக்கு உழைக்க வேண்டும், வேறிடம் செல்லலாகாது என்ற நிபந்தனை, வாயால் சொல்லப்படாவிட்டாலும், கூடவே நிற்குமானால் அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடும். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவான கூலிக்கு ஒருவர் வேறு வழியின்றி உழைப்பது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுத்துள்ள கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்துள்ளது. கடனை ஒரு தாளிலும் கூலியை வேறொரு தாளிலும் எழுதுவதே பாதுகாப்பு. கூலி முழுவதையும் கையில் கொடுத்துவிட்டு, அதிலிருந்து தவணையை அவளே எடுத்துத் தரட்டும். இதனால் ஒரு நிமிஷம் அதிகமாகலாம். ஆனால் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.

கூறப்படும் ஆட்சேபணைகள்

ரொக்கமாகக் கொடுத்தால் புருஷன் பறித்துக்கொண்டு போய்க் குடித்துவிடுவான், சோறாகக் கொடுத்தால் குழந்தைகள் வயிற்றுக்காவது போகும் என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபணை. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் புருஷன் பறிக்கிறான் என்பதற்காக மனைவியின் கூலியை நாமே பறித்துக்கொள்வதா? இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. 2006 பிப்ரவரி 2 அன்று தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதற்கட்டமாகச் சேர்க்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஏரி வெட்டிய பெண்கள் ஆணுக்குச் சமமான கூலியைக் காசாகக் கண்டது அங்கேதான். பின்னர் அக்கூலி அவரவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே சென்றது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியதும் அவ்வாறே. ஆகவே கணக்கில்லாத பெண் இன்று அரிது. வீட்டு வேலைக் கூலியையும் அதே கணக்கில் செலுத்திவிட்டால் புருஷன் கையில் அது நேரே விழாது. கொடுத்ததற்கு அத்தாட்சியும் கிடைக்கும்.

"எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம், காசு பேசினால் உறவு கெட்டுவிடும்" என்பது மற்றொன்று. சொந்தப் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். அன்பு வேண்டியதே, அது கூலிக்கு மேல் இருக்கட்டும். வேலைக்கு வந்தவளுக்குக் காலைப் பலகாரமும் காப்பியும் கொடுப்பது நம் பக்கத்துப் பண்பாடு. அதை நிறுத்தச் சொல்வார் யாரும் இல்லை. கூலியில் கழிக்க வேண்டாம் என்பதே பேச்சு. தீபாவளிச் சேலையும் பொங்கற்படியும் அப்படியே.

சாப்பாடு போட்டு வளர்க்கிறோம் என்று சொல்லி ஏழை உறவுக்காரர் வீட்டுச் சிறுமியைக் கூட்டிவந்து வேலை வாங்குவதைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. 14 வயதுக்கு உட்பட்டவரை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டதாகும். அங்கே பணமா சோறா என்ற கேள்வியே எழாது. அச்சிறுமி இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

செய்யத்தக்கவை

முப்பது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதற் பக்கத்தில் என்னென்ன வேலை, தினம் எத்தனை மணி, மாதக் கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் தரப்படும், வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பின்வரும் பக்கங்களில் மாதந்தோறும் ஒரே ஒரு வரி: தேதி, தொகை, கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவரானால் அவருடைய பிள்ளையை வைத்துப் படித்துக் காட்டிய பின் ஒப்பம் பெறுவது நலம். நெல் கொடுத்தால் தனிப் பக்கத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதலாம். கூலிப் பக்கத்தில் அது வரலாகாது.

பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மே 1 அன்று கூடும் கிராம சபையில் தொழிலாளர் தினம் என்ற பெயருக்கேற்ப வீட்டு வேலைக் கூலியையும் பேசலாம். ஊரில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் பட்டியலைத் தயாரித்து, 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களை நல வாரியத்தில் பதிவு செய்ய உதவலாம். பதிவு பெற்றவருக்குப் பிள்ளைகளின் கல்வி, திருமணம், பிரசவம், விபத்து முதலியவற்றுக்கு உதவித் தொகையும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. பதிவு குறித்த விவரங்களைத் தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம் அலுவலகத்தில் பெறலாம். செல்லும்போது ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு, மேலே சொன்ன நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் சென்றால், வேலை செய்கிறார் என்பதைக் காட்ட அது உதவியாயிருக்கும்.